ஆழ்கடல் எழுப்பிய வினா

நுழையும்முன்

கரையில் அலையோசை ஓயாது ஒலிப்பினும், கடலின் ஆழத்தில் அமைதியே நிலவுகிறது என்பது நெடுங்கால நம்பிக்கை. நீருக்குள் கருவிகளை இறக்கிக் கேட்டபோது அந்நம்பிக்கை பொய்த்தது. அங்கு எழுந்த ஒலிகளுள் சில எவற்றுக்கு உரியவை என்பதை அறிய அறிவியலாளர்கள் பல ஆண்டுகள் காத்திருந்தனர். அவற்றுக்கு விடை கண்ட முறையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஒலியின் நெடும்பயணம்

கடல்நீருக்குள் ஒளி நெடுந்தொலைவு செல்வதில்லை. ஏறத்தாழ 200 மீட்டருக்குக் கீழே கதிரவனின் ஒளி மிகவும் மங்கிவிடுகிறது. 1,000 மீட்டருக்குக் கீழே முழு இருள் சூழ்கிறது. ஒலியின் நிலை வேறு. காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் ஒலி, கடல்நீரில் ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்கிறது. எனவே, ஆழ்கடலைக் கண்ணால் அறிவதைவிடக் காதால் அறிவதே எளிது. திமிங்கலங்கள் தம் இனத்தோடு தொடர்புகொள்ள ஒலியை நம்பி வாழ்வதற்கும் இதுவே காரணம்.

கடலில் கீழே செல்லச் செல்ல வெப்பநிலை குறைவதால் ஒலியின் வேகம் குறைகிறது. இன்னும் ஆழத்திற்குச் சென்றால் நீரின் அழுத்தம் மிகுந்து, வேகம் மீண்டும் கூடுகிறது. இவ்விரண்டிற்கும் இடையில், மிதவெப்பக் கடல்களில் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில், ஒலி மிக மெதுவாகச் செல்லும் அடுக்கு ஒன்று உண்டு. மேலும் கீழும் விலகும் ஒலியலைகள் வளைந்து மீண்டும் இவ்வடுக்கிற்கே திரும்புகின்றன. இதனால் இவ்வடுக்கு ஒலியைத் தொலைதூரம் கொண்டுசெல்லும் இயற்கைக் கால்வாயாக அமைகிறது. 1960ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு அப்பால் கடலில் நிகழ்த்தப்பட்ட வெடிப்பின் ஒலி, ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் கடந்து, ஏறத்தாழ மூன்றே முக்கால் மணி நேரத்திற்குப்பின் அட்லாண்டிக் பெருங்கடலின் பெர்முடா தீவருகே கேட்டது.

இவ்வியல்பே ஆய்வாளர்க்கு ஒரு சிக்கலையும் உண்டாக்கியது. கேட்கும் ஒலி அருகில் எழுந்த சிற்றொலியா, தொலைவில் எழுந்த பேரொலியா என்பதைச் செவியால் மட்டும் கூற இயலாது.

1997இல் கேட்ட ஒலி

பனிப்போர்க் காலத்தில் பிற நாட்டு நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்காணிக்க, அமெரிக்கக் கடற்படை கடலடியில் நீரொலிவாங்கிகளை நிறுவியிருந்தது. 1991 முதல் அவற்றின் பதிவுகள் அறிவியல் ஆய்வுக்கும் பயன்பட்டன. அமெரிக்காவின் தேசியப் பெருங்கடல், வளிமண்டல நிருவாகத்தினர் கடலடி எரிமலைகளையும் நிலநடுக்கங்களையும் ஆராயத் தாமும் பசிபிக் பெருங்கடலில் இத்தகைய கருவிகளை இறக்கினர்.

1997இல் அக்கருவிகளில் விந்தையான ஒலியொன்று பதிவாயிற்று. அதன் அதிர்வெண் விரைந்து உயர்ந்தது. ஏறத்தாழ ஒரு நிமிடம் அவ்வொலி நீடித்தது. ஒன்றிலிருந்து ஒன்று ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கருவிகளும் அதனைப் பதிவுசெய்திருந்தன. ஒவ்வொரு கருவியையும் ஒலி வந்தடைந்த நேர வேறுபாட்டைக் கொண்டு, அது தென்னமெரிக்காவின் தென்முனைக்கு மேற்கே, பசிபிக்கின் தென்பகுதியில் எழுந்ததாகக் கணக்கிட்டனர். ஒலிப்பதிவை 16 மடங்கு விரைவாக இயக்கிக் கேட்டபோது நீர்க்குமிழி எழும்புவது போன்றிருந்தமையால், அதற்குப் ‘புளூப்’ எனப் பெயரிட்டனர்.

விளக்கங்களும் ஐயங்களும்

இவ்வொலிக்குப் பல விளக்கங்கள் முன்வைக்கப்பட்டன. ஓர் உயிரினம் எழுப்பியிருக்கலாம் என்பது அவற்றுள் ஒன்று. அதிர்வெண் மாறிய முறை உயிரினங்களின் குரலை ஒத்திருந்தது. எனினும், இத்துணைத் தொலைவு கேட்கும் ஒலியை எழுப்ப நீலத் திமிங்கலத்தினும் மிகப்பெரிய உயிரினம் தேவைப்படும். அத்தகைய உயிரினத்தின் உடலோ எலும்போ எங்கும் கிடைத்ததில்லை. ஆயினும், இவ்விளக்கமே மக்கள் மனத்தைக் கவர்ந்தது. கடற்பூதக் கதைகள் பெருகின.

கடலடி எரிமலை, நிலநடுக்கம், மனிதர் இயக்கும் கருவிகள், பனிப்பாறை ஆகியனவும் எண்ணிப் பார்க்கப்பட்டன. ஆய்வாளர்கள் எந்த விளக்கத்தையும் விரைந்து ஏற்கவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் நீரொலிவாங்கிகளை அண்டார்க்டிகாவிற்கு மேலும் அருகில் கொண்டுசென்றனர். அங்கே பெரும் பனிப்பரப்புகள் வெடித்துப் பிளக்கும்போதும், பனியாறுகளிலிருந்து பனிப்பாறைகள் உடைந்து கடலில் விழும்போதும் எழும் ஒலிகள் பதிவாயின. அவற்றின் அதிர்வெண் வரைபடங்களைப் பழைய பதிவோடு ஒப்பிட்டபோது, இரண்டும் பொருந்தின. புளூப் என்பது ‘பனிநடுக்கம்’ எழுப்பிய ஒலி என்பது தெளிவாயிற்று.

கேட்டலும் காண்டலும்

பனி எழுப்பிய ஒலியை உயிரினக் குரலென மயங்கியதுபோலவே, உயிரினக் குரலின் மூலத்தை அறியாது மயங்கியதும் உண்டு. 1960களில் தென்கடலில் சென்ற நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்தோர் வாத்து கத்துவதைப் போன்ற ஒலியைக் கேட்டனர். அரை நூற்றாண்டு அதன் மூலம் விளங்கவில்லை. அண்டார்க்டிக் மிங்கே திமிங்கலங்களின் உடலில் ஒலிபதியும் சிறு கருவிகளைப் பொருத்தியபோது, அதே ஒலி அவற்றில் பதிவாயிற்று. 2014இல் இவ்வுண்மை வெளியிடப்பட்டது.

அதே 2014இல் மரியானா அகழிப் பகுதியில் ஓர் ஒலி பதிவாயிற்று. ஆழ்ந்த முனகலாகத் தொடங்கி உலோக ஒலிபோல் கூர்மையாக முடியும் அது, ஏறத்தாழ மூன்றரை நொடி நீடித்தது. பிரைடு திமிங்கலங்களை நேரில் கண்டவாறே அவற்றின் குரலையும் பதிவுசெய்த பின்னரே அவ்வொலி அவற்றுக்குரியது என 2024இல் உறுதிப்படுத்தப்பட்டது. ஒலியைக் கேட்பதும் அதனை எழுப்பும் பொருளைக் காண்பதும் ஒருங்கே நிகழும்போது ஊகம் உண்மையாக நிலைபெறுகிறது.

ஏற்கப்பட்ட விளக்கமும் திருத்தத்திற்கு உட்பட்டதே. இரண்டாம் உலகப்போரின்போது நீர்மூழ்கிகளைக் கண்டறிய முயன்றோரை, இடைவிடாத படபடப்பொலி இடையூறு செய்தது. அது சிறிய இறால் வகையொன்றின் செயல் எனக் கண்டனர். அதன் கொடுக்குகள் மோதுவதால் ஒலி எழுவதாகக் கருதினர். 2000ஆம் ஆண்டு நடந்த ஆய்வு, கொடுக்கு விரைந்து மூடும்போது தோன்றும் நீர்க்குமிழி நொறுங்குவதாலேயே அவ்வொலி எழுகிறது என மெய்ப்பித்தது.

தெரிந்து தெளிவோம்

இலங்கையின் மட்டக்களப்பு வாவியில் நிலவொளி வீசும் இரவுகளில் நீருக்கடியிலிருந்து இன்னொலி கேட்பதாகக் கூறுவர். துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது அங்குள்ளோர் வழக்கம். இதனால் அவ்வூர் ‘மீன்பாடும் தேனாடு’ எனப் புகழ்பெற்றது. 1848இல் அங்குச் சென்று கேட்ட ஆங்கில அரசின் உயர் அலுவலர் எமர்சன் டெனன்ட், ஒலியை எழுப்புவன மீன்கள் அல்ல, ஓடுடைய மெல்லுடலிகளே எனக் கருதினார்.

மறைக்கப்படும் குரல்கள்

விடை காணப்படாத ஒலிகள் இன்றும் உள்ளன. 1991 முதல் தென்பசிபிக்கில் கேட்கும் ஏறொலி, ஆண்டின் சில பருவங்களில் வலுக்கிறது. எரிமலைச் செயற்பாடு உள்ள பகுதிக்கருகே அது எழுவது அறியப்பட்டுள்ளது. அது தோன்றும் முறை உறுதிசெய்யப்படவில்லை. சான்று கிடைக்கும்வரை வினாவை வினாவாகவே வைத்திருப்பதும் அறிவியல் நெறியாகும்.

ஆனால், கடலைக் கேட்கும் வாய்ப்பை மனிதரின் இரைச்சல் குறைத்து வருகிறது. கப்பல்களின் உந்துவிசிறிகள் எழுப்பும் தாழ்ந்த ஒலியும் பெருந்திமிங்கலங்களின் குரலும் ஒரே அதிர்வெண் எல்லைக்குள் அமைவதால், குரல் இரைச்சலில் மூழ்கிவிடுகிறது. 2001 செப்டம்பர் 11 நிகழ்வுக்குப்பின் கனடாவின் பண்டி விரிகுடாவில் கப்பல் போக்குவரத்துக் குறைந்தபோது, நீரடி இரைச்சல் 6 டெசிபல் தாழ்ந்தது. அப்போது அங்கு வாழ்ந்த திமிங்கலங்களின் கழிவை ஆராய்ந்தோர், மனவழுத்தம் காட்டும் இயக்குநீரின் அளவு குறைந்திருந்ததைக் கண்டனர். கப்பல்களின் இரைச்சல் அவ்வுயிர்களுக்கு மனவழுத்தம் தரக்கூடும் என்பதற்கு இது சான்று.

கடலின் ஒலியைப் பதிவுசெய்யும் பணியில் நம் நாடும் பங்கேற்கிறது. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய நீரொலி பதிவுக்கருவி ஆர்க்டிக் பகுதியின் காங்ஸ்பியோர்டன் கடற்கழியில் இறக்கப்பட்டு, பனி உருகும், உடையும் ஒலிகளைப் பதிவுசெய்துள்ளது. புவி வெப்பமடையும் இக்காலத்தில் அவ்வொலிகள் துருவப் பனியின் நிலையை அறிய உதவுகின்றன.

கடற்பூதத்தின் குரலென எண்ணப்பட்டது பனியின் குரலாயிற்று. அதனால் வியப்புக் குறையவில்லை. துருவத்தில் உடையும் பனியை ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து கேட்கலாம் என்ற அறிவு வாய்த்தது. அவ்வறிவு நிலைக்க வேண்டுமாயின், கேட்கும் பொறுமையோடு கடலின் அமைதியைக் காக்கும் பொறுப்பும் மனிதருக்கு வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. ‘உறுதியான சான்று கிடைக்கும்வரை எந்த விளக்கத்தையும் முடிவாகக் கொள்ளலாகாது’ – இக்கருத்தைப் பாடத்தில் வரும் இரண்டு ஒலிகளைக் கொண்டு வகுப்பில் கலந்துரையாடுக.

2. கடலின் இரைச்சலைக் குறைக்கக் கப்பல் போக்குவரத்தில் செய்யத்தக்க மாற்றங்களைத் தொகுத்துச் சுவரிதழ் உருவாக்குக.