ஊருக்குப் போகும் விமானமும் மைல் கணக்கும்

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலரிடம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃபிளையரின் உறுப்பினர் எண் ஒன்று இருக்கும். அதில் எத்தனை மைல் கிடக்கிறது, எப்போது காலாவதியாகும் என்று கேட்டால் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. சேர்வதற்குக் கட்டணமில்லை; இரண்டு வயதுப் பிள்ளைக்குக்கூட எண் வாங்கிவிடலாம். செலவில்லாமல் கிடைப்பதால் யாரும் உட்கார்ந்து கணக்குப் போடுவதில்லை. ஆண்டுக்கு ஓரிரு முறை, மலிவுச் சீட்டில், குடும்பத்தோடு ஊருக்குப் போய்வருகிறவர்களை நினைத்து நான் போட்டுவந்த கணக்கை இங்கே எழுதுகிறேன். வேலை நிமித்தம் மாதந்தோறும் பறக்கிறவர்களின் கணக்கு வேறு.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 1,800 மைல். போக வர 3,600. ஆனால் நாம் பெரும்பாலும் வாங்குகிற 'லைட்' கட்டணச் சீட்டுக்கு அதில் பாதிதான் வரவு வைப்பார்கள். ஆக, ஒருமுறை போய்வந்தால் 1,800 மைல். சென்னைக்கு ஒருவழிச் சீட்டை மைலில் எடுக்கப் பதினைந்தாயிரத்துக்கு மேல் வேண்டும். எட்டு முறை போய்வந்தாலும் அந்தத் தொகை எட்டாது. சேர்ந்த மைலுக்கோ மூன்று ஆண்டுதான் ஆயுள். ஆண்டுக்கு இருமுறை போகிறவர் அந்த மூன்று ஆண்டில் ஆறு முறைதான் போயிருப்பார். ஒன்பதாவது பயணம் வருவதற்குள் முதல் பயணத்தின் மைல் கணக்கிலிருந்து போயிருக்கும். பறந்து மட்டுமே மைல் சேர்த்து ஊருக்கு ஒரு சீட்டு வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கை நம் நிலையில் உள்ளவர்களுக்குக் கைகூடாது. இதைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்த நம்பிக்கையில்தான் பலர் கூடுதல் விலை கொடுத்துச் சீட்டு வாங்குகிறார்கள்.

திருச்சிக்காரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தமிழ்நாட்டில் சென்னைக்குத்தான் பறக்கிறது. திருச்சிக்கும் கோவைக்கும் அதன் துணை நிறுவனமான ஸ்கூட் போகிறது. மைல் சேருமே என்று சென்னை வழியாக வந்து, அங்கிருந்து ஐந்தாறு மணிநேரம் சாலையில் போகிறவர்களை நான் அறிவேன். ஒருவழிக்கு அவர்களுக்குச் சேர்வது 900 மைல். மைலுக்கு ஒன்றரைக் காசு என்று தாராளமாக வைத்தாலும் பதின்மூன்றரை வெள்ளி. கைக்குழந்தையோடும் வயதான தாயோடும் அவ்வளவு தூரம் வண்டியில் போவதற்குப் பதின்மூன்று வெள்ளி போதுமா? திருச்சியில் இறங்கினால் வீடு அரைமணி நேரத்தில் என்றால் திருச்சியிலேயே இறங்குங்கள். முதலில் நேரமும் விலையும் பார்த்துச் சீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உறுப்பினர் எண்ணை அதன்பிறகு எழுதிக்கொள்ளலாம்.

மைலுக்கு என்ன மதிப்பு என்பதை ஒவ்வொருவரும் தாமே கண்டுபிடிக்கலாம். பணம் கொடுத்து வாங்கினால் ஆகும் விலையிலிருந்து, மைலில் எடுத்தாலும் கட்டவேண்டிய வரியைக் கழித்து, மிச்சத்தைக் கேட்கப்படும் மைலால் வகுத்தால் போதும். ஒருவழிச் சீட்டு 300 வெள்ளி, வரி 70 வெள்ளி, கேட்கும் மைல் 20,000 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 230 வெள்ளி. மைலுக்கு ஒரு காசுக்குச் சற்று மேல். வரியை லேசாக நினைக்க வேண்டாம். சாங்கியிலிருந்து கிளம்புகிற எக்கானமி பயணிக்கு 2024 முதல் விமான நிலையக் கட்டணங்கள் மட்டுமே 65 வெள்ளிக்கு மேல். மைல் எத்தனை வைத்திருந்தாலும் இதைக் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். எரிபொருள் கூடுதல் கட்டணத்தை மட்டும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் மைல் சீட்டுகளுக்கு 2017இல் எடுத்துவிட்டது. அது நமக்கு நல்லதே.

இதே மைலை ஐரோப்பாவுக்கு பிசினஸ் வகுப்பில் செலவழித்தால் மூன்று நான்கு காசு மதிப்பு வரும். மைல் திட்டங்களைப் புகழ்கிறவர்கள் காட்டும் கணக்கெல்லாம் இந்த வகைதான். அந்தச் சீட்டை நாம் பணம் கொடுத்து வாங்கியிருப்போமா? மாட்டோம் என்றால் 'ஐயாயிரம் வெள்ளி மிச்சம்' என்ற பேச்சுக்குப் பொருளில்லை. வாங்கவே நினைக்காத ஒன்றின் விலை நமக்கு மிச்சமாகாது.

பறப்பதால் சேராத மைல் எப்படித்தான் சேர்கிறது? கடன்பற்று அட்டையால். சிங்கப்பூர் வங்கி அட்டைகள் பொதுச் செலவுக்கு வெள்ளிக்கு 1.2 முதல் 1.4 மைல்வரை தருகின்றன. இணையத்தில் வாங்குவது, வெளியில் சாப்பிடுவது போன்ற குறிப்பிட்ட செலவுகளுக்குச் சில அட்டைகள் 4 மைல் தரும். இங்கேதான் கவனம் வேண்டும். அதே செலவுக்கு ஒன்றரை விழுக்காட்டுக்குக் குறையாமல் ரொக்கமாகத் திருப்பித் தரும் அட்டைகளும் உண்டு. வெள்ளிக்கு ஒன்றரைக் காசு ரொக்கத்தை விட்டுவிட்டு 1.2 மைல் வாங்கினால், ஒவ்வொரு மைலையும் ஒன்றேகால் காசு கொடுத்து வாங்கியதாகிறது. அதைச் சென்னைச் சீட்டில் ஒரு காசுச் சொச்சத்துக்குச் செலவழித்தால் நட்டம். 4 மைல் வரும் இடங்களில் மட்டும் மைல் அட்டை, மற்ற இடங்களில் ரொக்க அட்டை என்று பிரித்து வைத்துக்கொண்டால் கணக்கு நம் பக்கம் சாயும். மாதக் கடைசியில் நிலுவை முழுவதையும் கட்ட முடியாதவர்கள் இந்தப் பக்கமே வரக்கூடாது. அட்டை வட்டி ஆண்டுக்கு 25 விழுக்காட்டைத் தாண்டும். எந்த மைலும் அதை ஈடுகட்டாது.

வங்கிகள் ஏன் இவ்வளவு ஆர்வமாக மைல் கொடுக்கின்றன என்பது புரிந்தால் மற்றதெல்லாம் புரியும். இத்தகைய திட்டத்தைப் பெரிய அளவில் 1981 மே மாதம் தொடங்கியது அமெரிக்கன் ஏர்லைன்ஸ். அங்கே 1978இல் விமானக் கட்டணக் கட்டுப்பாடு நீங்கியபின் போட்டி கடுமையானது. அடிக்கடி வரும் பயணியைத் தக்கவைத்துக்கொள்ள வழி தேடினார்கள். கிரிஸ்ஃபிளையர் 1999இல் வந்தது. தொடக்கத்தில் பயணிக்குக் காட்டும் நன்றியாக இருந்த மைல், பிறகு விமான நிறுவனம் வங்கிக்கு மொத்தமாக விற்கும் சரக்காகிவிட்டது. 2020இல் கொரோனாவால் விமானங்கள் தரையில் நின்றபோது அமெரிக்காவின் யுனைடெட் விமான நிறுவனம் தன் மைலேஜ்பிளஸ் திட்டத்தையே அடகு வைத்து 680 கோடி டாலர் கடன் வாங்கியது. அந்தத் திட்டத்துக்கு அப்போது சொன்ன மதிப்பு ஏறத்தாழ 2,200 கோடி டாலர். அந்நாளில் முழு நிறுவனத்துக்கும் பங்குச் சந்தையில் இருந்த மதிப்பைவிட அது அதிகம். மறு ஆண்டு அமெரிக்கன் ஏர்லைன்ஸும் தன் திட்டத்தைப் பிணையாக்கி 1,000 கோடி டாலர் திரட்டியது. நாம் கடையில் அட்டையைத் தட்டும் ஒவ்வொரு முறையும் இந்தச் சரக்குக்கு வங்கி விலை கொடுக்கிறது.

சரக்கை அச்சடிப்பவரும் அதன் விலையை வைப்பவரும் ஒருவரே என்பது இத்திட்டங்களின் பெரிய குறை. கிரிஸ்ஃபிளையரில் சீட்டுக்கு வேண்டிய மைல் அளவுகள் 2019 ஜனவரியிலும் 2022 ஜூலையிலும் உயர்ந்தன. 2025 நவம்பரில் மறுபடியும். முன்கூட்டியே அறிவித்துத்தான் உயர்த்துகிறார்கள், அந்த மட்டில் நேர்மையான நிறுவனம். ஆனாலும் ஐந்து ஆண்டு சேர்த்துவைத்துப் பிள்ளையின் பட்டமளிப்புக்குப் போகலாம் என்ற திட்டமெல்லாம் ஆபத்தானது. நிறுவனமே நின்றுபோன கதைகளும் உண்டு. கிங்ஃபிஷர் 2012இல் பறப்பதை நிறுத்தியது. சென்னைக்கும் இங்குமாகப் பறந்துகொண்டிருந்த ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. அதன் மைல் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் வேறு பெயரில் பிழைத்தது, ஆனால் உறுப்பினர்கள் ஏற நினைத்த விமானம்தான் இல்லை. மைலை வைப்புநிதிபோல் நினைத்துச் சேமிக்காதீர்கள். கைக்கு வந்தால் ஓரிரு ஆண்டுக்குள் செலவழித்துவிட வேண்டிய பொருள் அது.

இவ்வளவு சொன்னபிறகும் நான் உறுப்பினராக இருப்பதற்கும், மற்றவர்களையும் இருக்கச் சொல்வதற்கும் முதன்மையான காரணம் ஒன்று உண்டு. அது உல்லாசப் பயணத்தோடு தொடர்பில்லாதது.

ஊரை விட்டு வந்தவர்கள் எல்லாருக்கும் அந்தத் தொலைபேசி அழைப்பு ஒருநாள் வரும். என் மாமனார் தஞ்சாவூர்ப் பக்கத்தில் காலமான செய்தி எங்களுக்கு நள்ளிரவில் வந்தது. மறுநாள் மாலைக்குள் எடுத்துவிடுவார்கள். கடைசி நேரச் சீட்டின் விலை வழக்கத்தைப்போல் மூன்று மடங்குக்கு நின்றது, அதுவும் இரண்டு பேருக்கு. காலை விமானத்தில் மைலுக்கு இடம் இருந்தது. மைல் அளவோ, ஆறு மாதம் முன்னால் எடுத்திருந்தால் என்ன கேட்டிருப்பார்களோ அதேதான். மனைவியும் மகனும் போய்ச் சேர்ந்தார்கள். அன்று ஒரு மைலுக்குக் கிடைத்த மதிப்பு, எந்த பிசினஸ் வகுப்புக் கணக்கையும்விட எனக்குப் பெரிது.

இப்படி எப்போதும் இடம் கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். தீபாவளி, பொங்கல், ஜூன் பள்ளி விடுமுறை, டிசம்பர் நாட்களில் குறைந்த மைல் கேட்கும் 'சேவர்' இடங்கள் பறந்துவிடும். அதற்கு மேல்படியான 'அட்வான்டேஜ்' இடம் கிடைக்கலாம். மைல் மிகக் கூடுதலாகும். ஆனால் சாவு வீட்டுக்குப் போகிறவர் மைலைச் சிக்கனம் பார்க்க வேண்டியதில்லை. ஆகவே நான் வைத்திருக்கும் முறை இது: இருவர் ஒருவழி போகும் அளவு மைல் விமானக் கணக்கிலேயே இருக்க வேண்டும். வங்கிப் புள்ளியாக வைத்திருந்தால் காலாவதி பயம் குறைவு என்பது உண்மை. சில அட்டைகளின் புள்ளிகளுக்குக் காலாவதியே இல்லை. ஆனால் வங்கியிலிருந்து விமானக் கணக்குக்கு மாற்றச் சில நாள் ஆகலாம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் இருபத்தைந்து வெள்ளியை ஒட்டிக் கட்டணமும் உண்டு. நள்ளிரவு அழைப்புக்கு அது உதவாது. மைல் சீட்டை உங்கள் கணக்கிலிருந்து எடுத்துத் தருவதற்கு ஐந்து பேரை நியமிக்கலாம். வாழ்க்கைத் துணை, பிள்ளைகள், பெற்றோர் பெயர்களை இன்றே சேர்த்துவிடுங்கள். கடவுச்சீட்டு விவரம் தேடி அலைவதற்கான நேரம் அந்த இரவில் இருக்காது.

அடுத்த நன்மை கிலோ. கிரிஸ்ஃபிளையரில் கோல்டு தகுதி உள்ளவருக்கு, எடைக் கணக்கில் சாமான் அனுமதிக்கும் வழித்தடங்களில் 20 கிலோ கூடுதல். ஓய்வறையும் உண்டு, ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியின் மற்ற விமானங்களிலும் இது செல்லும். ஏர் இந்தியா 2014இல் அதில் சேர்ந்தது. ஊருக்குப் போகிறவருக்கு இருபது கிலோ என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தத் தகுதிக்குப் பன்னிரண்டு மாதத்தில் 50,000 தகுதி மைல் வேண்டும். லைட் சீட்டில் சென்னை போய்வந்து அதை எட்ட இருபத்தேழு முறைக்கு மேல் பறக்க வேண்டும். நிறுவனம் உங்களைத் தூர தேசங்களுக்கு அனுப்பினால் மறக்காமல் உங்கள் எண்ணைச் சீட்டில் போடச் சொல்லுங்கள். சொந்தக் காசில் இதைத் துரத்தாதீர்கள். 25,000 மைலில் வரும் சில்வரில் கிலோவும் இல்லை, ஓய்வறையும் இல்லை. அதற்காக எந்தப் பயணத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டாம்.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்குத் தனித் தொல்லை ஒன்று உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கடவுச்சீட்டில் அப்பா பெயர் ஓரிடத்தில், விமானச் சீட்டில் அது முன்னால், உறுப்பினர் கணக்கில் வெறும் முன்னெழுத்து என்று மூன்று விதமாக இருந்தால் மைல் வரவாகாது. கணக்கைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து தொடங்குங்கள். ஏற்கெனவே தவறாக இருந்தால் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதித் திருத்துங்கள். வரவாகாத மைலைப் பறந்த ஆறு மாதத்துக்குள் கேட்டுப் பெறலாம். அதுவரை போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள்.

காலாவதி நெருங்குகிறதா? மைல் மாள்வதற்குள் சீட்டைப் பதிவு செய்தால் போதும், பயணம் அதற்குப் பிறகும் இருக்கலாம். முன்பதிவு 355 நாள் முன்னமே திறப்பதால் அடுத்த பொங்கலுக்கு இப்போதே எடுத்துவைக்க முடியும். ஆனால் அந்தச் சீட்டை ரத்து செய்யும் நாளில் மைலின் கெடு முடிந்திருந்தால் அது திரும்பி வராது. ஆகவே மாள இருக்கும் மைலில் எடுக்கும் சீட்டு, விடுப்பு உறுதியான தேதிக்கு இருக்கட்டும். போகும் தேதி தெரியாதென்றால், கட்டணம் கட்டி அல்லது மைலிலேயே ஒரு பகுதியைக் கொடுத்துக் கெடுவை ஆறு மாதம் நீட்டிக்கலாம். வயதான பெற்றோர் ஊரில் தனியாக இருக்கிறவர்களுக்கு நான் இதைத்தான் செய்யச் சொல்வேன்.