"அஞ்சு கிலோமீட்டர்தானுங்களா?"

ஓடுகிறேன் என்று சொன்னால் போதும், "ஃபுல் மாரத்தான் எப்பங்க?" என்று அடுத்த கேள்வி வந்துவிடும். அஞ்சும் பத்தும்தான் ஓடுகிறேன் என்றால் கேட்டவர் முகத்தில் இருந்த ஆர்வம் பாதியாகிவிடும். ஊரில் எந்த ஓட்டம் நடந்தாலும் ஐந்து கிலோமீட்டர் என்பது குடும்பத்தோடு நடந்து போய் டீ-சர்ட் வாங்கிக்கொள்ளும் பிரிவு என்று ஆகிவிட்டது. புதுக்கோட்டைச் சீமையிலிருந்து வந்த லட்சுமணன் 2017-ல் புவனேஸ்வரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் இரண்டு தங்கம் வாங்கியது 5,000, 10,000 மீட்டரில்தான். அவரிடம் யாரும் "அவ்வளவுதானா?" என்று கேட்டிருக்கமாட்டார்கள்.

ஐந்து கிலோமீட்டரைக் கடப்பது கஷ்டமில்லை. அதை உங்களால் முடிந்த அதிகபட்ச வேகத்தில் ஓடுவதுதான் கஷ்டம். அந்த வித்தையைப் பழக எனக்குச் சில வருடம் பிடித்தது. அலுவலகம், பிள்ளைகளின் பள்ளி, வீட்டு வேலை இவற்றுக்கு நடுவே பழகியதைத்தான் இங்கே சொல்கிறேன்.

நான் ஓடுவது கோவை ரேஸ் கோர்ஸில். ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர், மரநிழல், விடியற்காலையிலும் ஆள் நடமாட்டம். நடப்பவர்கள் நாலு பேராகக் கைகோத்து வருவதைச் சகித்துக்கொண்டால் இதைவிட நல்ல இடம் கிடையாது. வாரத்தில் பெரும்பாலான நாள் இங்கே மெதுவாகத்தான் ஓடுவேன். மெதுவாக என்றால், பக்கத்தில் ஓடுபவரிடம் வீட்டுக் கதையை மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிற வேகம். பந்தயத்தில் கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம் ஓடுகிறவர், இந்த நாட்களில் ஆறரை நிமிடம் எடுத்துக்கொள்ளலாம். பையன்கள் நம்மைத் தாண்டிப் போவார்கள், போகட்டும்.

மெதுவாக ஓடினால் வேகம் எப்படி வரும் என்று கேட்பவர்கள் நிறைய. ஐந்து கிலோமீட்டர் பந்தயத்துக்கு வேண்டிய சக்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஆக்சிஜனை வைத்துத்தான் உடல் தயாரிக்கிறது. தசைகளுக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்களைப் பெருக்கி அந்தத் திறனை வளர்ப்பது இந்த நிதான ஓட்டம்தான். அமெச்சூர் ஓட்டக்காரர்கள் பலர் தினமும் பாதி வேகம், பாதி மெதுவாக ஓடி எப்போதும் களைப்பாகவே இருக்கிறார்கள். வேகமான நாள் வரும்போது காலில் ஒன்றும் மிச்சமிருப்பதில்லை.

அந்த வேகமான நாள் வாரத்துக்கு ஒன்று போதும். அதற்கு நேரு ஸ்டேடியத்தின் 400 மீட்டர் டிராக். ஐந்தாயிரம் மீட்டர் என்பது பன்னிரண்டரைச் சுற்று. 25 நிமிடத்தில் முடிக்க வேண்டுமென்றால் சுற்றுக்குச் சரியாக இரண்டு நிமிடம். (2020-ல் மொனாக்கோவில் உகாண்டாவின் ஜோஷுவா செப்டேகி உலக சாதனையாக ஓடிய 12 நிமிடம் 35 வினாடியை இப்படி வகுத்துப் பார்த்தால், அவர் ஒரு சுற்றை ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் முடித்திருக்கிறார். மனதைத் தளரவிடாதீர்கள்.) தொடக்கத்தில் 400 மீட்டரை எட்டு முறை, நடுவில் 200 மீட்டர் மெல்லோட்டம். சில வாரம் கழித்து ஆயிரம் மீட்டரை ஐந்து முறை. இதற்கு ஒரே விதி, கடைசிச் சுற்றும் முதல் சுற்றின் நேரத்திலேயே முடிய வேண்டும். முதல் இரண்டைப் பறந்துவிட்டு மீதியில் தள்ளாடினால் அது பயிற்சியில் சேராது.

டிராக்கில் ஜி.பி.எஸ். வாட்சின் தூரத்தை நம்பாதீர்கள். வளைவுகளில் அது தடுமாறும். வெறும் ஸ்டாப்வாட்சாக வைத்துக்கொண்டால் போதும். உள் லேன் வேகமாக ஓடுபவருக்கு, மெல்லோட்டமும் நடையும் வெளி லேனில். அந்த உள் லேனில் நின்று செல்ஃபி எடுப்பவர்களைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை போதாது. எப்போதும் இடப்பக்கமே திரும்பி ஓடுவதால் ஒரு காலுக்குச் சுமை கூடும். கூட்டமில்லாத நேரமானால் வார்ம் அப்பை வெளி லேனில் எதிர்த்திசையில் முடித்துவிடுவேன்.

ஆனி, ஆடி பிறந்தால் எங்கள் ஊரில் கணக்கெல்லாம் மாறும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, சுற்றின் ஒரு பக்கத்தில் நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். மறுபக்கத்தில் முதுகைத் தள்ளிக் கொடுத்தாலும், இழந்த நேரம் முழுதாகத் திரும்பி வராது. அந்த மாதங்களில் வாட்சைப் பார்க்காமல் மூச்சைக் கவனித்து ஓடுங்கள். நம்மைவிட உயரமானவர் முன்னால் போனால் அவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வதில் வெட்கமில்லை.

பந்தய நாளுக்கு வருவோம். தூரம் குறையக் குறைய வார்ம் அப்பின் அவசியம் கூடும். மாரத்தான்காரர் முதல் சில கிலோமீட்டரிலேயே உடலைச் சூடாக்கிக்கொள்ளலாம், நமக்கு அந்த அவகாசம் இல்லை. பதினைந்து நிமிடம் மெல்லோட்டம், பிறகு நூறு மீட்டருக்கும் குறைவான நாலைந்து வேக ஓட்டம். வியர்த்த உடம்போடு தொடக்கக் கோட்டுக்குப் போங்கள். அங்கே முன்வரிசையைச் சிறுவர்களுக்கு விட்டுவிடுங்கள். விசில் அடித்ததும் புயலாகக் கிளம்பி இருநூறு மீட்டரில் இடுப்பைப் பிடித்து நின்றுவிடுவார்கள், பின்னால் வருபவர்தான் இடறி விழ வேண்டும். நெஞ்சில் குத்தும் எண் அட்டையான பிப்பில் சிப் இருந்து, நீங்கள் கோட்டைத் தாண்டியதிலிருந்து கணக்கிடும் நெட் டைம் கொடுக்கிற ஓட்டமாக இருந்தால் சில வரிசை பின்னால் நிற்பதால் நஷ்டமில்லை.

முதல் கிலோமீட்டரில் எல்லாமே சுலபமாகத் தெரியும், அதை நம்பக்கூடாது. திட்டமிட்ட வேகத்தைவிட ஐந்து வினாடி தாமதமாகவே அதைக் கடப்பது என் வழக்கம். மூன்றாவது கிலோமீட்டரில்தான் பந்தயம் இருக்கிறது. புதிதாக ஓடும் உற்சாகம் தீர்ந்திருக்கும், முடிவும் கண்ணுக்குத் தெரியாது. அங்கே வேகத்தைத் தக்கவைத்துக்கொண்டவர் ஜெயித்துவிடுகிறார்.

முடித்தபின் வாட்ச் 5.1 காட்டினால் ஏற்பாட்டாளரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். சான்று பெற்ற பாதைகளைக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டியே அளக்கிறார்கள். போதாததற்கு, வளைவுகளில் நாம் வெளிப்பக்கமாகச் சுற்றுகிறோம்.

ஜெல், இடுப்பில் தண்ணீர் பெல்ட் இதெல்லாம் அஞ்சுக்குத் தேவையே இல்லை. உடம்பில் இருக்கும் சர்க்கரையே போதும். இரண்டு மணி நேரத்துக்கு முன் இரண்டு இட்லி, ஒரு காபி. விலை உயர்ந்த கார்பன் ஷூவும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன் கெண்டைக்கால் தசையைக் கவனியுங்கள், வேக ஓட்டத்தில் முதலில் முறுக்கிக்கொள்வது அதுதான். படிக்கட்டு விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவதற்கு ஐந்து நிமிடம் ஆகாது.

பத்து கிலோமீட்டருக்குப் போக ஆசைப்பட்டால் ஒரு எளிய கணக்கு: உங்கள் அஞ்சு கிலோமீட்டர் நேரத்தை இரண்டால் பெருக்கி இன்னும் இரண்டு நிமிடம் சேருங்கள். 25 நிமிடக்காரருக்கு 52. இங்கே 2013 முதல் நடக்கும் கோயம்புத்தூர் மாரத்தானில் பத்து கிலோமீட்டர் பிரிவும் உண்டு, அரை மாரத்தானுக்குத் தாவும் முன் அதில் ஒருமுறை முழுமூச்சாக ஓடிப் பாருங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் வேகப் பயிற்சியைத் தொடங்கும் முன் ஒரு ஈ.சி.ஜி. எடுத்து மருத்துவரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.