நெல்லாராய்ச்சியில் முதலிடம் எதற்கு?

கமக்காரர் தமது வயலிற் காணும் குறைகள் பல. பயிர் சாய்கின்றது, கதிர் பதராகின்றது, கடைசித் தண்ணீர் கிடைப்பதில்லை. இவை யாவற்றுக்கும் ஒரே காலத்திற் பரிகாரந் தேட எந்த ஆராய்ச்சி நிலையத்திலும் போதிய ஆட்களோ நிலமோ இல்லை. இனங்களைக் கலந்து ஒரு புது நெல்லினத்தைப் பெற்று, பல இடங்களிற் பரீட்சித்து வெளியிடுவதற்குப் பல ஆண்டுகள் செல்லும். பொருத்தமற்ற வேலையைத் தெரிவு செய்தால் பணத்துடன் அத்தனை போகங்களும் வீணாகும்.

எச்-4 இனத்தின் வரலாறு இதனை நன்கு விளக்கும். சுதேச இனங்களுக்குப் பசளையைக் கூட்டி இட்டபோது அவை சாய்ந்தன. எரிபந்த நோயும் பெருகியது. நோயைத் தாங்கும் இனம் இல்லாதவிடத்துப் பசளையினாற் பயனில்லை. ஆகவே நம் நாட்டு முருங்கக்காயன் 302 இந்தோனேசிய இனமாகிய மாஸுடன் கலக்கப்பட்டு, 1958இல் எச்-4 வெளியிடப்பட்டது. விளைச்சல் உயர்ந்தது. ஆயினும் அது உயர்ந்து வளரும் பயிராதலால், நைதரசன் மிகுந்தவிடத்துச் சாய்ந்தது. அடுத்துச் செய்யவேண்டியது எதுவென்பதை இக்குறையே காட்டிற்று. 1970இல் குட்டையான பீ.ஜீ. 11-11 வெளிவந்தது.

ஒரு குறை எத்தனை ஏக்கரைப் பாதிக்கின்றது என்பதே வழக்கமாக முதலிற் கேட்கப்படும் வினா. ஆனால் பரப்பை மாத்திரம் பார்த்தல் போதாது. ஈரவலயத் தாழ்நிலங்களில் இரும்பு நச்சுள்ள வயல்கள் பரப்பிற் குறைந்தவை. எனினும் அங்கே பிற இனங்கள் செழிப்பதில்லை. இத்தகைய வயல்களுக்கேற்ற இனங்களை உருவாக்கும் பணி பொம்புவெல நிலையத்தில் நடைபெறுகின்றது. இது நியாயமானதே. மறுபுறத்தில், காலத்தில் விதைப்பதாலோ வடிகாலைத் திருத்துவதாலோ தீரக்கூடிய குறைக்குப் புது இனந் தேடுதல் வீண் வேலை.

தண்ணீரும் தெரிவை நிர்ணயிக்கும். பத்தலகொட இனங்களின் எண்ணிலேயே அவற்றின் வயது குறிக்கப்பட்டுள்ளது: பீ.ஜீ. 250 இரண்டரை மாத இனம். 300 மூன்று மாத இனம். 352 மூன்றரை மாத இனம். குளத்து நீர் எத்தனை நாளைக்குப் போதும் என்பதைக் கணித்தே கமக்காரர் இவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்யவேண்டும்.

வயலிற் குறை காணப்படின், விதைத்த நாள், இனம், இட்ட பசளையின் அளவு, நீர் நின்ற நாட்கள், பாதிக்கப்பட்ட பரப்பு ஆகியவற்றைக் குறித்து, வேருடன் பிடுங்கிய சில பயிர்களையும் விவசாயப் போதனாசிரியரிடம் கொடுக்கவும். உங்கள் வயலிற் பரீட்சைப் பாத்தி அமைக்கக் கேட்கப்பட்டால், வழக்கமாகச் செய்யும் இனத்தையும் அருகில் விதைத்து, இரண்டையும் வேறாக அறுத்து அளக்கவும்.