பாயிண்ட் 22: எதுவரை குறி, எதுவரை ஆபத்து?

சென்னை வியாசர்பாடிப் பிள்ளைகளுக்குத் தூரத்தைக் கால்பந்து மைதானத்தை வைத்துச் சொன்னால் சட்டென்று பிடிபடும். சர்வதேச ஆட்டத்துக்கான மைதானம் 105 மீட்டர் நீளம். பாயிண்ட் 22 ரைஃபிளின் தோட்டாவை நம்பிக் குறிவைப்பது பெரும்பாலும் அதில் பாதி தூரத்துக்குத்தான். குழலைச் சற்று உயர்த்திச் சுட்டுவிட்டாலோ, அதே குண்டு ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் பறக்கும். 14 மைதானங்களை வரிசையாகப் போட்ட நீளம் அது. என்.சி.சி.யில் முதன்முறை ஃபயரிங்குக்குப் போகும் மாணவரும், ரைஃபிள் கிளப்பில் சேர நினைப்பவரும் இந்த இரண்டு தூரங்களையும் தனித்தனியே அறிந்திருக்க வேண்டும்.

1. தோட்டாப் பெட்டியைப் படியுங்கள்

இன்று பரவலாகப் புழங்கும் ‘லாங் ரைஃபிள்’ வகைத் தோட்டா 1887-இல் அமெரிக்காவில் வந்தது. குண்டின் விட்டம் சுமார் 5.6 மி.மீ.; வழக்கமான எடை 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். சாதாரண வகை நொடிக்கு 320 முதல் 330 மீட்டர் வேகத்தில் கிளம்பும். அதிவேக வகை 370-ஐத் தாண்டும். சென்னை வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர். அதிவேகக் குண்டு வழியில் ஒலி வேகத்துக்குக் கீழே இறங்கும்போது லேசாகத் தடுமாறும். போட்டியாளர்கள் சாதாரண வகையையே விரும்புவது இதனால்தான்.

2. 25 கஜத்தில் தொடங்குங்கள்

என்.சி.சி. மாணவர்கள் பாயிண்ட் 22-இல் சுடுவது 25 கஜத்தில், சுமார் 23 மீட்டரில். படுத்த நிலையில் ஐந்து ரவுண்டு சுட்டு, ஒன்றுக்கொன்று மிகத் தள்ளியிருக்கும் இரு துளைகளின் இடைவெளியை அளக்க வேண்டும். துளைகள் ஓரிடத்தில் நெருங்கி விழுந்த பிறகுதான் சைட்டைத் திருத்தலாம். சிதறி விழுந்தால் கோளாறு மூச்சிலோ, டிரிகரை இழுக்கும் விரலிலோ இருக்கும்.

3. 50 மீட்டருக்கு நகருங்கள்

ஒலிம்பிக் ரைஃபிள் போட்டியில் இந்தத் தோட்டாவுக்கான தூரம் 50 மீட்டர். நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. மட்டுமே. 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது இந்தத் தூரத்தில்தான்.

4. 100 மீட்டரில் காற்றைக் கணக்கிடுங்கள்

50 மீட்டருக்குச் சரிசெய்த சைட்டை மாற்றாமல் 100 மீட்டரில் சுட்டால், குண்டு 20 செ.மீ.க்கும் கீழே இறங்கி விழும். பக்கவாட்டில் மணிக்கு 16 கி.மீ. காற்று அடித்தால் 50 மீட்டரில் விலகல் சுமார் இரண்டரை செ.மீ. 100 மீட்டரிலோ அது ஏறத்தாழ நான்கு மடங்கு. கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று புகும் ஊர் சென்னை. திறந்தவெளிப் பயிற்சியைக் காலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

5. இலக்குக்குப் பின்னால் பாருங்கள்

100 மீட்டரைக் கடந்த பிறகும் குண்டில் சுமார் 100 ஜூல் ஆற்றல் மிச்சமிருக்கும். ஆளைக் கொல்ல அது போதும். கல், கெட்டித் தரை, வியாசர்பாடியின் கேப்டன் காட்டன் கால்வாய் போன்ற நீர்ப்பரப்பு எதில் சாய்வாகப் பட்டாலும் குண்டு எகிறித் திசை மாறலாம். அதனால் உயரமான மண்மேடோ, குண்டைப் பிடிக்கும் தடுப்போ உள்ள அனுமதி பெற்ற ரேஞ்சில் மட்டுமே சுட வேண்டும். மொட்டைமாடியும் காலி மனையும் இதற்கான இடமல்ல.

6. சட்டப்படி நுழையுங்கள்

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி பாயிண்ட் 22 ரைஃபிள் வைத்திருக்க உரிமம் கட்டாயம். என்.சி.சி. மாணவர்கள் அதிகாரிகளின் மேற்பார்வையில் சுடுகிறார்கள். மற்றவர்களுக்கு நல்ல தொடக்கம் கிளப்பில் கற்கும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற பிரிவு அது. எழும்பூரில் உள்ள சென்னை ரைஃபிள் கிளப் போன்ற இடத்தில் உறுப்பினராகி, பயிற்சியாளர் சரி என்ற பிறகு பாயிண்ட் 22-க்கு மாறலாம்.