மெயில் ஸ்கேனர் எதைப் பிடிக்க வேண்டும்?

"ஆன்ட்டி வைரஸ் தொகுப்பு மெயிலைச் சோதித்துவிட்டது. இனி அட்டாச்மென்ட்டைப் பயமின்றித் திறக்கலாமா?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் திறக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

2004-ல் நண்பர் பெயரில் ஒரு மெயில் வந்தது. அதில் ஸிப் பைல் ஒன்றும், அதைத் திறக்கப் பாஸ்வேர்டும் இருந்தன. அடியில் "வைரஸ் இல்லை" என்று ஒரு வரி. கிளிக் செய்யப் போன எனக்குச் சந்தேகம் வந்தது. பூட்டையும் சாவியையும் ஏன் ஒன்றாக அனுப்ப வேண்டும்? போன் செய்தேன். "நான் எதுவும் அனுப்பவில்லையே" என்றார் நண்பர்.

அந்த ஆண்டு பேகிள் வைரஸின் சில வகைகள் இப்படித்தான் பரவின. பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிய பைலின் உள்ளே இருப்பதை ஸ்கேனரால் படிக்க முடியாது. சில ஸ்கேனர்கள் மெயிலில் உள்ள பாஸ்வேர்டைப் படித்துத் திறக்கக் கற்றுக்கொண்டன. உடனே பேகிள் பாஸ்வேர்டைப் படமாக அனுப்பத் தொடங்கியது! அதே ஆண்டு வந்த நெட்ஸ்கை வைரஸோ, "வைரஸ் இல்லை" என்ற வரியைத் தானே எழுதி அனுப்பியது.

அப்படியானால் ஸ்கேனரின் பொறுப்பு என்ன?

1. அட்டாச்மென்ட்டில் உள்ள வைரஸ், வோர்ம், ட்ரோஜன் ஆகியவற்றைக் கண்டுபிடிக்க வேண்டும். ஸிப்புக்குள் ஸிப் இருந்தாலும் விடக்கூடாது.

2. பெயரில் ஏமாற்றும் பைல்களைப் பிடிக்க வேண்டும். 2000 மே மாதம் பரவிய 'ஐ லவ் யூ' வைரஸ் பைலின் பெயர் '.டிஎக்ஸ்டி.விபிஎஸ்' என முடிந்தது. கடைசித் துணைப்பெயரை விண்டோஸ் மறைத்ததால், பலர் அதைச் சாதாரண டெக்ஸ்ட் பைல் என்று நம்பித் திறந்தார்கள்.

3. திறக்க முடியாத பைலைச் "சோதிக்க முடியவில்லை" என்று சொல்ல வேண்டும். "வைரஸ் இல்லை" என்று சொல்லக்கூடாது. இரண்டும் ஒன்றல்ல.

வங்கி பெயரில் வரும் போலி லிங்க்கையும் இன்று பல தொகுப்புகள் தடுக்கின்றன. ஆனால் அதில் வைரஸ் பைலே இருக்காது. வெறும் பொய் மட்டுமே இருக்கும். அதைக் கண்டறிவதில் பெரும்பங்கு நம்முடையது.

இன்றே ஒன்று செய்யுங்கள். விண்டோஸ் 11-ல் பைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, வியூ, ஷோ, பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என வரிசையாகக் கிளிக் செய்திடுங்கள். இனி பைல்கள் முழுப் பெயருடன் தெரியும். எதிர்பாராத அட்டாச்மென்ட் வந்தால், திறக்கும் முன் அனுப்பியவருக்கு ஒரு போன் போடுங்கள். என்னைக் காப்பாற்றியது அதுதான்.