பழைய சேலையும் பிளீஸ் துணியும்: மாரிகாலத்துக்கு ஒரு போர்வை

மட்டக்களப்பில் ஐப்பசி தொடங்கித் தை வரை மாரிமழை. 2011 ஜனவரி வெள்ளத்தில் வாவியை அண்டிய கிராமங்களின் வயல்கள் அழிந்தன. குடும்பங்கள் பாடசாலைகளிலும் பொதுக் கட்டடங்களிலும் தங்கின. 2004 ஆழிப்பேரலையின் பின்னும், 2006-2007 யுத்த இடப்பெயர்வின் போதும் இதே நிலைதான். சீமெந்துத் தரையில், ஈரக்காற்றில் படுக்கும் பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் காய்ந்த போர்வை ஒன்று அவசியம். அதை நாமே தைத்துக்கொள்ளும் முறையை இப்பாடத்தில் பார்ப்போம்.

பழந்துணிகளை அடுக்கிப் போர்வை தைப்பது புதிய வேலையல்ல. வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நூலோடி, ‘கந்தா’ செய்கிறார்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் துண்டுத் துணிகளால் ‘கவந்தி’ தைக்கிறார்கள். நாம் இங்கே செய்யப்போகும் மாற்றம் ஒன்றுதான்: அடுக்குகளில் ஒன்றாகப் பிளீஸ் துணியைச் சேர்ப்பது.

பிளீஸ் என்றால் என்ன?

இது பொலியெஸ்டர் நூலில் பின்னி, பின்னர் மேற்பரப்பைச் சீவி, பஞ்சுபோல் ஆக்கிய துணி. 1979இல் அமெரிக்காவின் மால்டன் மில்ஸ் என்ற ஆலை இதனை உருவாக்கியது. நிவாரணப் பொதிகளில் வரும் மெத்தென்ற போர்வைகள் சிலவும், பழைய குளிர்ச்சட்டைகள் பலவும் இந்த வகையே. வெட்டிப் பாருங்கள்: விளிம்பில் நூல் பிரியாது. அகலப்பாட்டில் இழுத்தால் நீளும்.

சூடு தருவது துணியல்ல, அதன் நார்களுக்குள் அடங்கி நிற்கும் காற்று. பருத்திப் பஞ்சு தண்ணீரை உறிஞ்சி, கட்டிபட்டு, நாட்கணக்கில் ஈரமாக இருக்கும். பிளீஸ் நாரோ தண்ணீரைத் தனக்குள் இழுக்காது. பிழிந்தால் பெரும்பகுதி நீர் போய்விடும். கூரைக்குக் கீழே காற்றில் போட்டாலும் விரைவாகக் காயும்.

கணக்குப் பார்ப்போம்

6 யார் பருத்திச் சேலையை மூன்றாக வெட்டினால், 2 யார் நீளத் துண்டுகள் மூன்று கிடைக்கும். சேலையை மட்டும் கொண்டு தைத்தால் மூன்றும் ஒரே போர்வைக்குத் தேவைப்படும். பிளீஸை அடித்துணியாக வைத்தால், துண்டு ஒன்றே ஒரு போர்வைக்குப் போதும். அதாவது ஒரு சேலையில் மூன்று பேருக்குப் போர்வை.

தைக்கும் முறை

1. சேலைத் துணியை முதலில் சுடுநீரில் தோய்த்துக் காயவிடுங்கள். பருத்தி சுருங்கும், பிளீஸ் சுருங்காது. தோய்க்காமல் தைத்தால் பின்னர் போர்வை சுருக்கம் விழுந்து இழுபடும்.
2. பாயின்மேல் பிளீஸை விரியுங்கள். அது ஒவ்வொரு பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். இழுத்து விரிக்க வேண்டாம். மூலைகளில் கல் வையுங்கள்.
3. அதன்மேல் சேலைத் துணியை வைத்து, நடுவிலிருந்து வெளிப்புறமாகத் தடவிச் சமப்படுத்துங்கள்.
4. நடுவில் தொடங்கி, நீண்ட தையலால் தற்காலிகமாக நூலோடுங்கள்.
5. இனி நிரந்தரத் தையல். பஞ்சு வைத்த போர்வைக்கு நெருங்கிய தையல் வேண்டும்; பிளீஸ் உள்ளே நகராது என்பதால் ஒரு சாண் இடைவெளியில் வரிகள் போதும். இயந்திரத்தில் தைப்பவர்கள் தையலை நீளமாக வைத்து, பிளீஸ் கீழே இருக்கும்படி தையுங்கள்.
6. மிஞ்சிய விளிம்பை 1 அங்குலமாக வெட்டி, சேலையின்மேல் மடித்துத் தையுங்கள். வேறு கரைத்துணி தேவையில்லை.

பிளீஸ் பழையதாகி உருண்டை உருண்டையாகத் திரண்டிருந்தால், இரு சேலைத் துண்டுகளுக்கு நடுவே வைத்துவிடுங்கள். இருபுறமும் பருத்தி இருப்பதால் வியர்வை ஒட்டாது. ஆனால் பாரம் கூடும், காய நேரமும் கூடும். இதற்கு மேலும் பஞ்சு சேர்க்க வேண்டாம்.

தோய்க்கும்போது

வாவி நீர் உவர்நீர். அதில் அலசினால் துணியில் தங்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, போர்வையை எப்போதும் பிசுபிசுப்பாக வைத்திருக்கும். கடைசி அலசலையாவது கிணற்று நீரில் செய்யுங்கள். பிளீஸ் பக்கத்தில் சூடான அயன் பெட்டியை வைக்க வேண்டாம், உருகிவிடும்.

நெருப்பு: மறக்கக் கூடாதது

பருத்தி எரிந்து சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். ஆகவே குப்பி விளக்கு, நுளம்புச் சுருள், அடுப்பு ஆகியவற்றுக்கு அருகில் இந்தப் போர்வையோடு எவரும் படுக்கக் கூடாது. நெருக்கமாகப் படுக்கும் முகாம்களில் இது இன்னும் முக்கியம். தீக்காயம் பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் குளிரவிட்டு, வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டாம். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு இதனைப் போர்த்த வேண்டாம். முகத்தை மூடி மூச்சை அடைக்கலாம்.

குழுவாகக் கலந்துரையாட

• நமது இடத்தில் மழைக்காலத்துக்கு முன் முதலில் போர்வை தேவைப்படுவோர் யார்?
• யாரிடம் சேலை உண்டு, யாரிடம் பிளீஸ் உண்டு, யாருக்குத் தையல் தெரியும்? மூவரும் சேர்ந்தால் எத்தனை போர்வை தைக்கலாம்?
• இரவில் விளக்கையும் நுளம்புச் சுருளையும் எங்கே வைப்பது? இன்றே இடம் குறித்துக்கொள்வோம்.