தீப்புண்ணுக்கு வீடா, ஆஸ்பத்திரியா?



2025-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி, நோன்புப் பெருநாளின் மறுநாள் காலை 8 மணி சுமாருக்கு, நம் சுங்கை வேக்கு அதிக தூரமில்லாத புத்ரா ஹைட்ஸில் காஸ் குழாய் வெடித்துத் தீப்பிடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். நூற்றுக்கு மேற்பட்டோர் காயப்பட்டார்கள். நெருப்பு வானளாவ நின்றபடியால், வெந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாமா வேண்டாமா என்ற யோசனைக்கே அன்று இடமில்லை. நமது கடை அடுப்பங்கரையில் எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்தால்தான் யோசிக்கிறோம்.

நானும் யோசித்தவன். சில வருஷங்களுக்கு முன் என் கடைப் பையன் காலில் கொதி எண்ணெய் கொட்டிவிட்டது. ஒருவர் கீச்சாப் ஊற்றினார். நான் பற்பசை தடவினேன். தொடையில் ஓரிடம் வெள்ளை வெளேரென்று தோல் வாரைப்போல் இருந்தது. அங்கே வலியில்லை என்றான் பையன். நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன். கடையில் கூட்டம் வேறு. ஆஸ்பத்திரிச் செலவையும் மனம் கணக்குப் போட்டது. நாலாம் நாள் காய்ச்சலும் துர்நாற்றமும் கண்டபின்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டி, இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தான்.

வலியில்லாத தீப்புண்தான் பொல்லாதது. தோலின் ஆழத்திலுள்ள நரம்பும் வெந்துபோனதால் வலி தெரிவதில்லை. இதை அன்று நான் அறியேன்.

சகோதரர்களே, முதற்காரியம் குழாய்த் தண்ணீர். ஓடுகிற தண்ணீரில் 20 நிமிஷம் காட்ட வேண்டும். ஐஸ் கூடாது, வெண்ணெய், முட்டை வெள்ளைக்கரு, பற்பசை எதுவும் கூடாது. மோதிரம், கைக்கடிகாரத்தை வீங்குமுன் கழற்றிவிட வேண்டும். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்கக் கூடாது. சுத்தமான பிளாஸ்டிக் உறையாலோ துணியாலோ தளர்த்தியாக மூடினால் போதும். உடம்பு பெரும்பாலும் வெந்திருந்தால் மற்ற பாகத்தைப் போர்த்துங்கள். குளிரே ஆளைக் கொன்றுவிடும்.

எது வீட்டில் ஆறும்? வெந்தவருடைய கையளவுக்குச் சிறியதாய், சிவந்து எரிச்சல் மட்டும் உள்ளது. அதற்கு மேற்பட்டதும், முகம், கை, பாதம், மறைவிடம், மூட்டு இவற்றில் பட்டதும், கரண்டினாலோ ரசாயனத்தினாலோ வந்ததும் ஆஸ்பத்திரிக்கு உரியவை. பிள்ளைகள், வயோதிகர், நீரிழிவுக்காரர் விஷயத்தில் சிறிய புண்ணையும் டாக்டரிடம் காட்டுங்கள். புகைக்குள் அகப்பட்டவர் குரல் கம்மினால் தோலைப் பார்த்துக் கொண்டிராமல் 999-ஐக் கூப்பிடுங்கள். தொண்டை வீங்கி மூச்சை அடைத்துவிடும்.

விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை, உடம்பில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு இருபது உள்ளங்கை அளவு வெந்தால், முதல் 24 மணி நேரத்தில் ஐந்து லிட்டருக்குக் கிட்ட மருந்து நீர் இரத்தக் குழாயில் ஏற்ற வேண்டும் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. அதில் பாதி, வெந்த நேரத்திலிருந்து எட்டு மணிக்குள். எந்த வீட்டில் இதைச் செய்ய முடியும்? நாட்டு வைத்தியத்தை நான் பழிக்கவில்லை. இது அதற்குரிய இடமல்ல.

செலவுக்குப் பயந்து தொழிலாளியை விடுதியில் ஒளித்து வைக்கிறவர்கள் நம்மில் உண்டு. 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் பெர்கெஸோவின் வேலைக் காயப் பாதுகாப்பு இருக்கிறது. சந்தாவை ஒழுங்காகக் கட்டுங்கள். விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் அறிவித்துவிடுங்கள்.

டாக்டர் அனுப்பிய பிறகு வீட்டுப் பராமரிப்பின் முறை வருகிறது, அதுவும் இலேசானதல்ல. கட்டு மாற்றுவது, மூட்டை நாள்தோறும் மடக்கி நீட்டுவது ஆகியவற்றில் சோம்பினால் தோல் சுருங்கி முடமாகிவிடும். பத்தியமென்று மீனையும் முட்டையையும் நிறுத்துகிறார்கள் நம் பெண்கள். புதுத்தோல் வளர அந்தச் சத்துத்தான் வேண்டும். என் பையனுக்குத் தினம் இரண்டு முட்டை கொடுக்கும்படி ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னபோது என் வீட்டில் யாரும் நம்பவில்லை.

இப்போது என் கடையில் அடுப்புக்குப் பக்கத்துக் குழாயில் ரப்பர் குழாய் ஒன்று எப்போதும் மாட்டியிருக்கிறது. பற்பசை குளியலறையில் இருக்கிறது.